எந்த எண்ணெய், எந்த மாதம்?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். ஞாயிறு விடிந்ததும் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பிவிடுவோம். டீக்கடையில் நின்றால் எஞ்சின் எண்ணெய் எது நல்லது, வெயிலுக்கு என்ன குடிக்கலாம், வண்டி ஓட்ட எந்த மாதம் தோது என்று பேச்சு முடியவே முடியாது. ‘வெட்டிப்பேச்சு’ என்கிறார் என் மனைவி. நீங்களே சொல்லுங்கள்: எந்த எண்ணெய்? எந்த மாதம்?
– ‘ஞாயிறு ரைடர்’, ஈரோடு

பதில்: எண்ணெய் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே அது ஆயில்தான். எள்ளின் நெய் என்பதுதான் எண்ணெய். பிறகு கடலையில் ஆட்டியதும் எண்ணெய், தேங்காயில் ஆட்டியதும் எண்ணெய், நிலத்துக்கு அடியிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெய். எள்ளே இல்லாதவற்றுக்கெல்லாம் எள்ளின் பெயரைத் தூக்கிக் கொடுத்த மொழி, எஞ்சின் வாசலில் வந்து ஏன் கூச்சப்பட வேண்டும்? தொடர்ந்து அப்படியே எழுதுங்கள்.

எஞ்சினுக்கு நம்மூர் எண்ணெயோடு உறவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மந்தமான ஆளை ‘போடா விளக்கெண்ணெய்’ என்று திட்டுகிறோம். இந்த வசவு எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்காது. ஆமணக்கை ஆட்டி எடுக்கும் விளக்கெண்ணெய் எண்ணெய்களிலேயே கெட்டிக்காரன். சூடேறினால் மற்றவை இளகி நீர்த்து ஓடிவிடும் இடத்தில், இது உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். பெட்ரோலில் லேசில் கரையாது. முதல் உலகப் போர் விமானங்களில், எஞ்சினே பம்பரமாகச் சுற்றும் ரோட்டரி ரகங்களுக்கு இதைத்தான் ஊற்றினார்கள். பந்தய பைக்குகளும் பல காலம் இதைக் குடித்தே ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சார்லஸ் வேக்ஃபீல்டின் ஆங்கிலேயக் கம்பெனி 1909-ல் தன் புது எண்ணெய்க்குப் பெயர் வைத்தபோது, விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் ஆயிலைச் சுருக்கி வைத்த பெயர் அது. உலகிலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில். குஜராத்துக்குத்தான் பெரும்பங்கு என்றாலும் சேலம், நாமக்கல் காடுகளிலும் விளைகிறது. அகல் விளக்கில் எரிந்து, குழந்தையின் வயிற்றைக் கழுவி, ஆகாய விமானத்தையும் ஓட்டிய ஒன்று எப்படி மந்தமாகும்? இனி யாராவது உங்களை விளக்கெண்ணெய் என்றால் தலை நிமிர்ந்து நில்லுங்கள்.

அதற்காக வண்டியில் ஊற்றிவிடாதீர்கள். நாள்பட்டால் பிசினாகக் கெட்டித்து உள்ளே படிந்துவிடும். இன்றைய எஞ்சினுக்கு எந்த எண்ணெய் என்பதை, அதைச் செய்தவர்களே கையேட்டில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 10டபிள்யூ-30 என்றிருந்தால் 10டபிள்யூ-30. ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியாகப் போடுங்கள்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். டபிள்யூ என்பதை வெயிட் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது வின்டர், குளிர்காலம். முன்னால் உள்ள எண் குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள்; ஊட்டியின் உறைபனிகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. பின்னால் உள்ள எண்தான் 100 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் மினரலா, ஆலையில் வேதிமுறையில் உருவாக்கும் சிந்தெடிக்கா என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறீர்கள். கையேடு ஒத்துக்கொண்ட மினரலைக் கணக்காக மாற்றுகிறவனின் வண்டி, விலை உயர்ந்த சிந்தெடிக்கை ஊற்றிவிட்டு மறந்து போனவனின் வண்டியைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

டப்பாவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ‘ஜாசோ எம்ஏ’ என்ற முத்திரை, பைக் எண்ணெய்க்கான ஜப்பானியத் தரக் குறியீடு. காரில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனி எண்ணெய். நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்ச் பிளேட்டுகள் அதிலேயே ஊறிக் கிடக்கும். உராய்வைக் குறைப்பதற்கென்றே மருந்து சேர்த்த கார் எண்ணெயை இதில் ஊற்றினால், ஒன்றையொன்று கவ்வ வேண்டிய பிளேட்டுகள் வழுக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷங்களுக்கு முன்பு சேலத்தில் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றிக்கொண்டு நேரே ஏற்காட்டுக்கு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து தாண்டியதுமே, முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. பின்னால் என் மனைவி, மடியில் பை. ஓரங்கட்டி நின்றேன். மேலிருந்து டி.வி.எஸ். 50-யில் காய்கறிக் கூடையோடு இறங்கி வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ஆயில் மாத்துனீங்களா தம்பி? என்ன ஆயில்னு டப்பாவப் பாத்தீங்களா? கார் ஆயில ஊத்திட்டானா பாருங்க” என்றார். அதேதான். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். “டீக்கடைலதான்” என்றார்.

உங்கள் வீட்டில் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். புறநானூற்றில் ஔவையார், உப்பு வண்டி ஓட்டிய உமணர்களைப் பற்றிச் சொல்கிறார். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும் என்று, வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். இன்று ஸ்டெப்னி என்கிறோமே, அதற்கு அண்ணன். முதல் அச்சு முறிந்தவன் வழியில் கண்டவனிடமெல்லாம் சொல்லாமல், அடுத்தவன் சேம அச்சு கட்டியிருப்பானா? சாலையில் பிழைத்தவர்களின் அறிவு முழுக்க வாய் வழியாகத்தான் வந்திருக்கிறது.

குடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஓடுகிற வண்டியில் காற்று வியர்வையை அப்போதைக்கப்போதே உலர்த்திவிடுவதால், உடம்பு வற்றுவது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கொரு தடவை நிறுத்திக் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர், இளநீர், காலையில் கிடைத்தால் பதநீர். எனக்குப் பிடித்தது எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத். பவண்டோ பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் மேல் எனக்குப் பாசமே உண்டு, ஆனால் வறண்ட தொண்டைக்குச் சர்க்கரை மருந்தாகாது. டின்னில் வரும் ‘எனர்ஜி’ பானங்களைத் தொடாதீர்கள். களைப்பை அது போக்காது, மறைக்கும்.

மாதம் என்றால் தையும் மாசியும். மழை ஓய்ந்து, வெயில் இன்னும் முற்றாத காலம். மே தொடக்கத்தில் கத்திரி பிறந்துவிட்டால் பத்து மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் லாரியைத் தாண்டும்போது கவனம்: லாரி மறைத்திருந்த காற்று, அதைத் தாண்டிய நொடியில் பக்கவாட்டில் அறையும்.

எனக்குப் பெரிய பயம் ஆடிக் காற்றும் இல்லை, ஐப்பசி அடைமழையும் இல்லை. நீண்ட வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல். வண்டிகள் மாதக்கணக்கில் சொட்டிய எண்ணெயும் டயர் தேய்ந்த பொடியும் புழுதியும் தார் மேல் படிந்திருக்கும். தூறல் அதைக் கழுவாது, குழப்பி மேலே கொண்டுவரும். சிக்னலில் எல்லா வண்டியும் நின்று சொட்டும் இடமும், வெள்ளைக் கோடும் மோசம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்ட வேண்டிய நேரம் அது. அதைவிட நல்லது, ஓட்டாமல் இருப்பது. அரைமணி நேரம் டீக்கடையில் ஒதுங்குங்கள். நல்ல மழை பிடித்துச் சாலையைக் கழுவிவிடட்டும்.

ஊற்றுகிற எண்ணெயைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், வடித்த எண்ணெய் எங்கே போகிறது? இதே பக்கத்தில் முன்பு ஒருமுறை இதை எழுதியபோது, ‘சாக்கடையில் ஊற்றினால் கொசுவாவது சாகும்’ என்று ஒருவர் பதில் எழுதினார். இன்றும் அவரோடு எனக்குச் சமாதானம் இல்லை. கொசுப்புழு செத்த சாக்கடை எந்த ஏரியில் போய் விழுகிறது, எந்தக் கிணற்றுக்குக் கசிகிறது என்று அவர் யோசிக்கவே இல்லை. வடித்த எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு, 2024 ஏப்ரல் முதல் எண்ணெய்க் கம்பெனிகள் மேலும் விழுந்திருக்கிறது. சுத்திகரித்தால் அதுவே மறுபடியும் எண்ணெயாகும். எண்ணெய் தேய்வதில்லை, அழுக்காகிறது, சேர்த்த மருந்து தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான். ஆனால் பட்டறைகளில் பாதி வேஸ்ட் ஆயில் சென்ட்ரிங் ஷீட்டில் தடவவும், கரையானுக்கு மரத்தில் பூசவும், வாசல் சாக்கடைக்கும்தான் போகிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் ஐந்து பேர். வண்டிக்கு ஒரு லிட்டர், வருஷத்துக்கு மூன்று தடவை என்றால் 15 லிட்டர். அடுத்த முறை வண்டியை விடும்போது, கீழே வைத்த தட்டில் வடியும் அந்தக் கறுப்பு எண்ணெய் எங்கே போகும் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பீப்பாயில் சேர்த்து, உரிமம் உள்ள ஆள் வந்து எடுத்துப்போகிறார் என்று அவர் சொன்னால், அந்தப் பட்டறையின் பெயரையும் தெருவையும் எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில் போடுகிறேன்.