கொட்டகையை இடிப்பதற்கு முன்னால்

கேள்வி: மீஞ்சூர் பக்கம் எங்கள் தாத்தா நிலத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையும் பம்ப்செட் ரூமும் இருக்கின்றன. நிலத்தை விற்றுவிட்டோம், பொங்கலுக்குள் எல்லாவற்றையும் இடித்துவிடுவார்கள். என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. எப்படிப் படம் எடுத்து வைப்பது?
வாசகர், திருவொற்றியூர்

பதில்: போன் போதும். நாள்தான் குறைவு, அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடுங்கள்.

சாயங்கால வெயிலில் எடுக்கத்தான் எல்லாரும் சொல்வார்கள். பொன்னிறமாக வரும், ஆனால் பாதிக் கொட்டகை நிழலில் முழுகிவிடும். மேகம் மூடிய நேரமாகப் பாருங்கள். ஜெர்மனியில் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி 1959-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள், தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள் என்று வழக்கொழிந்து போகிற கட்டுமானங்களை அப்படித்தான் எடுத்தார்கள்: வெளுத்த வானம், நேர் எதிரே காமிரா, கட்டுமானம் முழுசாகப் படத்துக்குள். அடர்ந்த நிழல் விழாததால் ஒவ்வொரு கம்பும் தெரியும். உங்கள் கொட்டகைக்கும் நான்கு பக்கமும் ஒவ்வொரு படம் அப்படி எடுங்கள், நன்றாகத் தள்ளி நின்று. கிட்டே நின்று போனை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் தூண்கள் சாய்ந்தமாதிரி வரும். உள்ளே எடுக்கும்போது திரையில் இருட்டான இடத்தைத் தொடுங்கள், வாசல் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை.

அப்புறம் கிட்டே போங்கள். மாடு கட்டிக் கட்டித் தேய்ந்த முளை, கழுநீர்த் தொட்டி, கூரையில் செருகியிருக்கும் அரிவாள், இதெல்லாம்தான் எனக்கு முக்கியம், ஏனென்றால் இடிக்கிறவர்கள் முதலில் தூக்கிப் போடுவது இவற்றைத்தான். தாத்தா இருக்கிறார் என்றால் அவரையும் அங்கே உட்கார வைத்து எடுங்கள், எந்த மாடு எந்த இடத்தில் நின்றது என்று அவர் சொல்வதைப் போனிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

ஒரு படத்திலாவது நாளைக்கும் நிற்கப்போகிற ஏதாவது ஒன்று, கோயிலோ ரயில் பாதையோ, சேர்ந்து வரட்டும். அத்திப்பட்டு உப்பளத்தில் ஒரு ஓலைக் கொட்டகையை நான் பல வருஷத்துக்கு முன்னால் எடுத்தேன், நல்ல படம், ஆனால் பின்னால் வெறும் வானம். தேதியும் எழுதவில்லை, யாருடையது என்றும் கேட்கவில்லை. திரும்பப் போனபோது எந்த இடத்தில் நின்று எடுத்தேன் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. நீங்கள் அன்று ராத்திரியே ஊர், தேதி, சொந்தக்காரர் பெயர் மூன்றையும் எழுதி வைத்துவிடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிட்டு அதையே சேமிப்பு என்று நினைக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். அசல் கோப்பை வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: எண்ணூர் பக்கத்து உப்பளங்களில் எடுத்தால் உப்பு சாம்பல் நிறமாக வருகிறதே?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் தப்பில்லை. காமிரா எந்த வெளிச்சத்தையும் நடுத்தரத்துக்கு இழுக்கும், அதனால் வெள்ளை உப்பு மங்கிவிடும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி எடுங்கள். விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறுவதற்குள் வேலை மும்முரமாக நடக்கும். மழைக்காலம் வந்துவிட்டால் பாத்தியில் ஆள் இருக்காது. வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அடுத்த முறை போகும்போது பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். துறைமுகம், அனல் மின் நிலையம் இவற்றின் வாசல் பக்கம் மட்டும் காமிராவைத் திருப்ப வேண்டாம்.