கடைசி நாள் எப்போன்னு கேக்கிறவங்களுக்கு

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதி ஒரே விஷயத்தப் பத்தி. உலகம் முடியப் போகுதா, ஒருத்தர் வருவார்னு எல்லா மதத்துலயும் சொல்றாங்களே அது உண்மையா, வீட்ல இதனால சண்டை, இப்படி. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இது மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கொஞ்ச காலமா ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போறார். ரகசிய வருகை, அதாவது இயேசு ரகசியமா வந்து விசுவாசிகள எடுத்துக்கிட்டுப் போறது, வாசல்ல நிக்குது, இனிமே படிப்பு, வேலை, சொத்து எல்லாம் வீண்னு அங்க சொல்றாங்களாம். மக நர்சிங் படிக்கிறா. அவ ஃபீஸுக்கு வச்சிருந்த பணத்தக் காணிக்கையா குடுத்துட்டார், இப்ப என் நகையையும் கேக்கிறார். எதிர்த்துப் பேசினா விசுவாசம் இல்லாதவங்கிறார். நானும் விசுவாசிதான். என்ன செய்ய? (வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: அம்மா, நகையக் குடுக்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம். நாளைக்கே மகளோட காலேஜ் ஆபீஸுக்குப் போய் ஃபீஸ தவணையா கட்ட முடியுமான்னு கேளுங்க, அப்படியே பேங்க்ல கல்விக் கடனுக்கும் எழுதிப் போடுங்க, 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமலே குடுக்கிறாங்க. பொண்ணு படிப்பு நிக்கக்கூடாது.

அவர்கிட்ட வேற எதையும் வச்சு வாதாடாதீங்க, அவர் கையில இருக்கிற வேதத்த வச்சே பேசுங்க. மத்தேயு 24:36 எடுத்துக் குடுங்க. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்"னு இயேசுவே சொல்லியிருக்கார், தேவதூதருக்குக் கூட தெரியாதாம், அப்புறம் கூட்டத்துல மைக் பிடிச்சிருக்கிறவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அடுத்து 2 தெசலோனிக்கேயர். இந்த நிருபம் எழுதினதே இதே மாதிரி ஒரு நெருக்கடியிலதான், கர்த்தருடைய நாள் வந்தாச்சுன்னு யாரோ கிளப்பிவிட்டு சபையே கலங்கிப் போயிருந்துச்சு. ரெண்டாம் அதிகாரத்துல கலங்காதீங்கன்னு சொல்லிட்டு, மூணாம் அதிகாரத்துல வேலை செய்ய மனசில்லாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு அடிச்சுச் சொல்லிடறார் பவுல். உங்க மக படிச்சு வேலைக்குப் போறது விசுவாசத்துக்கு எதிரானதுன்னு யாராவது சொன்னா இந்த மூணாம் அதிகாரத்தச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க.

இன்னொரு விஷயமும் அவருக்குத் தெரியணும். சபையெல்லாம் ரகசியமா முன்னாடியே எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் உபத்திரவ காலம்ங்கிற இந்த வரிசை 1830கள்ல ஜான் நெல்சன் டார்பிங்கிற பிரசங்கியார் மூலமா பரவினது, 1909-ல வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமத்தால அது ஊர் ஊரா போச்சு. கத்தோலிக்கரும் லூத்தரன்காரங்களும் இரண்டாம் வருகைய நம்புறாங்க, ஆனா இப்படித் தனியா ஒரு ரகசிய வருகைய போதிக்கிறதில்ல. அதனால இத ஏத்துக்காதவங்க எல்லாம் விசுவாசம் இல்லாதவங்கன்னு சொல்றது பெரிய அநியாயம்.

தேதி குறிச்சவங்க கதை ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல வில்லியம் மில்லர்னு ஒரு விவசாயி, பாப்டிஸ்ட், வஞ்சகம் இல்லாத மனுஷன், வருஷக்கணக்கா வேதத்தோட உக்காந்தவர். தானியேல் 8:14-ல வர்ற 2300 நாள எடுத்து ஒரு நாளுக்கு ஒரு வருஷம்னு வச்சு, எருசலேமைத் திரும்பக் கட்டச் சொன்ன கட்டளை கி.மு. 457-னு எடுத்து, கழிச்சா 1843. அது தப்பினதும் கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவுல பூஜ்ய வருஷம் கிடையாதேன்னு ஒரு வருஷம் கூட்டி, யூதர்களோட பாவநிவாரண நாளக் கணக்குப் பண்ணி 1844 அக்டோபர் 22-னு அவரோட கூட்டத்துல இன்னொருத்தர் சொல்ல, கடைசில மில்லரும் ஒத்துக்கிட்டார். சிலர் விளைஞ்ச பயிர அறுக்காம வயல்லயே விட்டாங்க, சிலர் கடன எல்லாம் அடைச்சாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க முழிச்சிருந்து, பொழுது விடியற வரைக்கும் அழுதோம்னு ஹிராம் எட்சன்ங்கிறவர் பின்னாடி எழுதி வச்சிருக்கார். அழுத அந்த ஜனங்கள நான் குறை சொல்ல மாட்டேன், அவங்க நம்பினது உண்மையா நம்பினது. ஆனா மறுநாள் காலைல பசி எடுத்துச்சு, வயல் அப்படியே நின்னுச்சு, ஊரே கேலி பண்ணுச்சு.

அமெரிக்கா ரொம்ப தூரம்னு அவர் சொன்னா, திருவிதாங்கூர் இருக்கு. ஜஸ்டஸ் ஜோசப், வித்வான் குட்டின்னு சொல்வாங்க, தமிழ் பிராமணக் குடும்பத்துல பிறந்து கிறிஸ்தவரானவர், போதகர், அருமையா பாட்டு எழுதினவர், அவர் பாட்ட இன்னிக்கும் கேரளா சபைகள்ல பாடுறாங்க. அவரும் 1875 வாக்குல எழும்பின எழுப்புதல்ல இன்னும் ஆறு வருஷத்துல கிறிஸ்து வந்துருவார்னு அறிவிச்சார். 1881 வந்துச்சு, போச்சு. பாட்டு நின்னுச்சு, தேதி நிக்கல. இதெல்லாம் உங்க வீட்டுக்காரருக்கு சண்டை போடாம நிதானமா சொல்லுங்க அம்மா, அவர் நம்பிக்கைய விடச் சொல்ல வேண்டியதில்ல, தேதியையும் காணிக்கைக் கணக்கையும் மட்டும் விடச் சொல்லுங்க.

கேள்வி: ஆதார், பார்கோடு எல்லாம் 666 முத்திரைன்னு சொல்றாங்களே? (வாசகர், மதுரை)

பதில்: இல்ல. 666-ங்கிறது பைபிளோட கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துல வர்ற கொடிய மிருகத்தோட எண். அது ரோமாபுரி ராஜாங்கத்துக்குக் கீழ பயந்து வாழ்ந்த சபைகளுக்கு முதலாம் நூற்றாண்டுல எழுதின நூல். ரோமச் சக்கரவர்த்தி நீரோ சீசரோட பேர எபிரேய எழுத்துல எழுதி, எழுத்துக்குரிய எண்ணைக் கூட்டினா 666 வருது, சில பழைய பிரதிகள்ல 616-னு இருக்கு, நீரோ பேர லத்தீன்ல சொல்ற மாதிரி எழுதினா அதுவும் சரியா வருது. அதனாலதான் பல அறிஞர்கள் அந்தக் கொடுங்கோலனத்தான் குறிக்குதுன்னு சொல்றாங்க. ரேஷன் கடைல ஆதார் குடுக்க பயப்படாதீங்க.

கேள்வி: கல்கி ஏற்கனவே பொறந்துட்டார், சீக்கிரம் வெளிய வருவார்னு யூட்யூப்ல தினம் ஒரு வீடியோ வருது. கலியுகம் முடியப் போகுதா சார்? (வாசகர், சேலம்)

பதில்: தம்பி, பாகவதம் பன்னிரண்டாம் ஸ்கந்தத்துலதான் இது இருக்கு. சம்பலம்ங்கிற ஊர்ல விஷ்ணுயசஸ்ங்கிற பிராமணர் வீட்ல கல்கி அவதரிப்பார், தேவதத்தம்ங்கிற குதிரைல வாளோட வருவார். கலியுகத்துக்கு புராணக் கணக்கு 4,32,000 வருஷம், ஆரம்பம் கி.மு. 3102. அப்ப இதுவரைக்கும் ஓடினது 5,100 சொச்சம்தான், இன்னும் 4,26,000 வருஷத்துக்கு மேல பாக்கி. புராணத்த நம்புறேன்னு சொல்லிட்டு புராணக் கணக்க மட்டும் தூக்கிப் போட்டா எப்படி? யோகி ஸ்ரீ யுக்தேஸ்வர் வேற மாதிரி கணக்குப் போட்டு கலியுகம் 1700 வாக்குலயே முடிஞ்சிருச்சுன்னு 1894-ல எழுதினார், ஆக கணக்குப் போடுறவங்களுக்குள்ளயே நாலு லட்சம் வருஷம் வித்தியாசம்.

வீட்ல பெரியவங்க இருந்தா 1962 பிப்ரவரி அஷ்டகிரகச் சேர்க்கையப் பத்திக் கேளுங்க. மகர ராசில எட்டு கிரகம் சேருது, உலகம் அழியப் போகுதுன்னு நாடே நடுங்குச்சு, வடக்க ஊர் ஊரா யாகம், நெய்யும் தானியமும் மூட்டை மூட்டையா நெருப்புல போச்சு. 5-ம் தேதி சூரிய கிரகணம் வேற. ஒண்ணும் ஆகல.

கேள்வி: கல்கி, இமாம் மஹ்தி, யூதர்களோட மெசியா, மைத்ரேயர் எல்லாம் ஒரே ஆள்தான், பேர்தான் வேறன்னு ஒரு புக்ல படிச்சேன். சரியா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஒத்துமைக்காக அப்படிச் சொல்றது நல்ல மனசுதான், ஆனா அந்தந்த மதத்துக்காரங்க கிட்ட கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. கடைசி காலத்துல வழிகாட்ட வர்றவர்தான் மஹ்தி, சுன்னி முஸ்லிம்கள் பெரும்பாலும் அவர் இனிமேதான் வரணும்ங்கிறாங்க, பன்னிரு இமாம் வழி ஷியாக்கள் அவர் 874-லயே மறைவுக்குப் போன பன்னிரண்டாவது இமாம், இன்னும் உயிரோட இருக்கார்ங்கிறாங்க. ஈஸா நபி, அதாவது இயேசு, டமாஸ்கஸ் கிழக்குல வெள்ளை மினாராகிட்ட இறங்குவார், தஜ்ஜால்ங்கிற பொய் மெசியா ஒழிவான்னு ஹதீஸ்ல, அதாவது நபிமொழில, இருக்கு. யூதர்களுக்கு மெசியா மனுஷன்தான், தாவீது வம்சத்து ராஜா, அவர் அற்புதம் எதுவும் செய்யணும்னு அவசியமில்ல, உலகம் அது பாட்டுக்கு அதோட இயல்புல ஓடும்னு 12-ம் நூற்றாண்டு மேதை மைமோனிடிஸ் எழுதினார். பௌத்தத்துல மனுஷ ஆயுசு பத்து வருஷமா சுருங்கி, ஜனங்க திருந்தி, திரும்ப எண்பதாயிரம் வருஷமா வளர்ந்த பிறகுதான் அடுத்த புத்தரான மைத்ரேயர் வருவார், அதுக்கு அவசரமே இல்ல. அவரப் பத்தின அநாகதவம்சம்ங்கிற பாலி நூல எழுதினவர் நம்ம சோழ நாட்டு பிக்கு கஸ்ஸபர்னு ஒரு மரபு உண்டு, இது பலருக்குத் தெரியாது.

ஆள் ஒண்ணு இல்லன்னாலும் இன்னொரு ஒத்துமை இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. தேதி கேக்காதேன்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க. அந்த நேரம் பத்தின அறிவு இறைவன்கிட்ட மட்டும்தான்னு குர்ஆன் 7:187 சொல்லுது. முடிவக் கணக்குப் போடுறவங்களுக்கு யூதர்களோட தல்மூத் நூல்ல சாபமே இருக்கு. கியாமத்ங்கிற உலக முடிவு நாள் வந்துட்டாலும் உன் கையில ஒரு கன்னு இருந்தா அத நட்டுடுன்னு நபிகள் நாயகம் சொன்னதா ஹதீஸ். கன்னு நட்டுக்கிட்டு இருக்கும்போது மெசியா வந்துட்டார்னு யாராவது சொன்னா, முதல்ல நட்டு முடி, அப்புறம் போய் வரவேற்பு குடுன்னு முதலாம் நூற்றாண்டு யூத குரு யோகனான் பென் ஸக்காய் சொன்னதா அவங்க நூல்ல இருக்கு. ரெண்டு மதமும் அதே கன்னப் பிடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க.

அத மறந்தா என்ன ஆகும்னும் யூத வரலாற்றுலயே இருக்கு. 1665-ல சப்பத்தாய் செவிங்கிற யூதர்தான் மெசியான்னு காசா ஊர் நாதன் அறிவிச்சார், ஏமன்ல இருந்து ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் யூதர்கள் வீடு வாசல வித்துட்டுக் கிளம்பத் தயாரானாங்க. ஹாம்பர்க்ல இருந்த க்ளூக்கல்ங்கிற வியாபாரப் பெண்மணி தன் வாழ்க்கைக் குறிப்புல இத எழுதியிருக்காங்க. அவங்க மாமனார் ஊர விட்டே கிளம்பி, ரெண்டு பெரிய பீப்பாய்ல துணிமணி, பட்டாணி, பீன்ஸ், உப்புக்கண்டம், உலர்ந்த பழம்னு நிரப்பி, புனித பூமிக்குக் கப்பல் ஏறுறப்ப தயாரா இருக்கட்டும்னு இவங்க வீட்டுக்கு அனுப்பி வச்சாராம். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கறி கெட்டா துணியும் நாசமாகும்னு கடைசில அந்தப் பெரியவங்களே எழுதி, சாப்பாட்டுச் சாமான மட்டும் வெளிய எடுக்கச் சொன்னாங்க. அதுக்குள்ள 1666 செப்டம்பர்ல சப்பத்தாய் செவி துருக்கி சுல்தான் முன்னாடி தலைப்பாகை கட்டி மதமே மாறிட்டார். அப்பவும் அந்த வயசானவர் துணி இருந்த பீப்பாயப் பிரிக்க மனசு வராம வச்சிருந்தார். இதப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாமனாரோட முகம்தான் மனசுல வரும், கஷ்டமா இருக்கும்.

கேள்வி: எங்க வீட்ல அய்யாவழி. கலி அழியும், தர்ம யுகம் பிறக்கும்னு நாங்களும் நம்புறோம். இதுவும் உலக முடிவு கதைதானேன்னு காலேஜ்ல கேலி பண்றாங்க. என்ன பதில் சொல்ல? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தலை நிமிர்ந்து சொல்லுங்க தம்பி. அய்யா வைகுண்டர் 1809-ல இன்னிக்கு சாமித்தோப்புன்னு சொல்ற ஊர்ல பிறந்தார். பெத்தவங்க வச்ச பேர் முடிசூடும் பெருமாள். அடித்தட்டு ஜாதில பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பேரான்னு மேல்ஜாதிக்காரங்க எதிர்க்க, முத்துக்குட்டின்னு மாத்த வேண்டியதாச்சு. பேர் வைக்கக் கூட உரிமை இல்லாத காலம். தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலி இல்லாத ஊழியம், ஆம்பளைங்க தலைல துணி கட்டக்கூடாது, பொம்பளைங்க மார மறைக்கக்கூடாது. 1833 மாசில திருச்செந்தூர் கடல்ல இருந்து வைகுண்டரா வெளிய வந்தார்ங்கிறது உங்க நம்பிக்கை. அதுக்கப்புறம் அவர் செஞ்சத யாரும் மறுக்க முடியாது.

கலி எங்கயோ வானத்துல இருந்து வர்ற பூதம்னு உங்க வேதமான அகிலத்திரட்டு விடல, வரி பிடுங்குற ராஜாவையே நீசன்னு நேருக்கு நேர் சொல்லுச்சு, வெள்ளைக்காரன வெண்ணீசன்னு சொல்லுச்சு. அய்யாவ திருவனந்தபுரத்துல ஜெயில்லயும் போட்டாங்க. கல்கி கையில வாள் இருக்கு, ஆனா அகிலத்திரட்டுல வைகுண்டர் ஆயுதம் இல்லாத பண்டாரமாத்தான் வர்றார், பண்டாரத்தத் தொந்தரவு பண்ண மாட்டேன்னு கலியன் குடுத்த சத்தியத்த அவனே மீறித் தானா அழியறான். அடுத்தவன வெட்டாம யுகம் மாறும்னு ஒரு சனம் நம்புச்சுன்னா அது சாதாரண விஷயமா?

காத்துக்கிட்டு சும்மா இருக்கவும் இல்ல. எல்லா ஜாதியும் சேர்ந்து தண்ணி எடுக்கிற முத்திரிக் கிணறு வெட்டினாங்க, சேர்ந்து உக்காந்து சாப்பிட்டாங்க, தொட்டாலே தீட்டுன்னு இருந்த ஊர்ல நெத்தியத் தொட்டு நாமம் இட்டாங்க, தலைப்பாகை கட்டிக்கிட்டுத்தான் கும்பிடணும்னு வச்சாங்க. வாகைப்பதி கடற்கரைல 700 குடும்பம் துவையல் தவசு இருந்துச்சு, குளிச்சு, துணி துவைச்சு, கட்டுப்பாடா வாழ்ந்தாங்க. பள்ளியறைல கண்ணாடி முன்னாடி நின்னு உங்க முகத்தையே பாக்கிறீங்களே, அந்தக் காலத்துல குனிஞ்சே நடந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்னு யோசிங்க. தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்னு உங்க நூல்லயே இருக்கு. 1851-ல அய்யா வைகுண்டம் போனார், எட்டு வருஷம் கழிச்சு 1859-ல தோள்சீலை உரிமை அரசாணையா வந்துச்சு, அதுக்குப் பல பேர் போராடினாங்க, அந்தப் போராட்டத்துக்குத் தைரியம் குடுத்த கைகள்ல அய்யாவோட கையும் உண்டு. கேலி பண்ற பிரண்ட்ஸ ஒரு ஞாயித்துக்கிழமை சாமித்தோப்புக்குக் கூட்டிட்டுப் போங்க, கிணத்தக் காட்டுங்க.

கேள்வி: நான்தான் மெசியான்னு சொன்னவங்க நிறைய. நான் இல்லைன்னு சொன்னவங்க உண்டா? (வாசகி, சென்னை)

பதில்: உங்க ஊர்லயே ஒருத்தர். 1909-ல அடையாறு கடற்கரைல பிரம்மஞான சபையச் சேர்ந்த லெட்பீட்டர் கண்ணுல பட்ட பையன் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. மைத்ரேயர் இவர் மூலமாத்தான் பேசப் போறார்னு அன்னி பெசன்ட் அம்மையார் நம்பினாங்க, 1911-ல கிழக்கின் விண்மீன் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு அந்தப் பையனத் தலைவராக்கினாங்க, பிள்ளையத் திருப்பிக் குடுங்கன்னு அப்பா சென்னை ஹைகோர்ட்ல கேஸ் போட்டு ஜெயிச்சார், லண்டன் பிரிவி கவுன்சில்ல அது மாறிப் போச்சு. 1929 ஆகஸ்ட் 3, நெதர்லாந்து ஓமன் முகாம்ல, பெசன்ட் அம்மையார் முன்னாடி உக்காந்திருக்க, சுமார் மூவாயிரம் உறுப்பினர்கள் கேட்டுக்கிட்டு இருக்க, அந்தச் சங்கத்த அவரே கலைச்சார். எனக்கு சீடர்கள் வேண்டாம், யாரையும் பின்தொடராதீங்கன்னு சொன்னார். வந்த நிலத்தையும் பணத்தையும் குடுத்தவங்களுக்கே திருப்பிக் குடுக்க ஏற்பாடு பண்ணினார், ஏர்டே கோட்டை அத குடுத்த பிரபு குடும்பத்துக்கே போச்சு. பதினெட்டு வருஷம் நம்பினவங்களுக்கு அது பெரிய அடி, பெசன்ட் அம்மையார் உட்பட. ஆனா காணிக்கை வாங்கின ஒருத்தர் அதத் திருப்பிக் குடுத்த கதை இந்த விஷயத்துல ரொம்ப அபூர்வம், அதனாலதான் முதல் கேள்வி கேட்ட அம்மாவும் இதப் படிக்கணும்னு ஆசைப்படறேன். 1986 ஜனவரில கிரீன்வேஸ் ரோடு வசந்த விஹார்ல கடைசியா பேசினார், அடுத்த மாசம் கலிபோர்னியாவுல காலமானார். வசந்த விஹார்ல படிப்பகம் இருக்கு, 1929 பேச்சும் கிடைக்கும், போய்ப் பாருங்க.