சாமி கும்பிடாதவர் கையில் கல்லா

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் 4 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆயுத பூஜையன்று கணக்குப் புத்தகத்துக்குப் பொட்டு வைக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அப்புறம் கடை வாட்ஸ்அப் குழுவில் பூஜையைக் கிண்டலடித்து ஒரு மீம் போட்டேன். "சாமி இல்லைங்கிறவன்கிட்ட எப்படிக் கல்லாவை நம்பிக் கொடுக்கிறது?" என்று கேட்ட முதலாளி, இப்போது ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: ராஜினாமாவில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே விலகியதாக ஒரு தாள் அவர் கைக்குப் போய்விட்டால், அப்புறம் வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரம் நம்பாதவருக்கும் உண்டு. நாசிக்கில் பள்ளிப் பிரார்த்தனையின்போது கைகூப்ப மறுத்த ஓர் ஆசிரியருக்கு உயர் ஊதியத்தை நிர்வாகம் தர மறுத்தது. அவரைக் கைகூப்பக் கட்டாயப்படுத்த முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆனால் அது அரசு உதவி பெறும் பள்ளி. அடிப்படை உரிமைகளைப் பெரும்பாலும் அரசிடம்தான் கேட்க முடியும், தனியார் கடை முதலாளியிடம் அல்ல. நம்பிக்கையைக் காரணம் காட்டித் தனியார் வேலையில் ஒதுக்குவதைத் தடுக்கும் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்டு உங்களை அனுப்பியிருந்தால், நானும் கையைத்தான் விரித்திருப்பேன்.

ஆனால் நீங்கள் 4 வருடம் வேலை பார்த்தவர். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947), 41ஆவது பிரிவின்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக்கூடாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை வைத்து நிரூபிக்க வேண்டும். மீறினால் தொழிலாளர் துறையிடம் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் தாமதிக்கக்கூடாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கணக்கு மட்டும் எழுதுகிறவருக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பொட்டு வைக்காதது நியாயமான காரணமா? கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்ததாக அவர் சொல்லவில்லையே. நீதிமன்றச் சாட்சிக் கூண்டில்கூடக் கடவுள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிகள் சட்டப்படி (Oaths Act) "உளமார உறுதி கூறுகிறேன்" என்றாலே போதும். நீதிபதி நம்புகிற ஆளைக் கல்லாவுக்கு நம்ப மாட்டேன் என்பது எடுபடாது.

மீம்தான் எனக்கு உறுத்துகிறது. பூஜைக்கு ஒதுங்கி நிற்பதோடு விட்டிருக்கலாம். சக ஊழியர்களின் சாமியைக் கடைக் குழுவிலேயே கேலி செய்து, முதலாளி தேடிக்கொண்டிருந்த காரணத்தை நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள், அதனால் இனி அழித்தும் பயனில்லை. குழுவிலேயே இரண்டு வரி வருத்தம் தெரிவித்துவிடுங்கள். அதனால் உங்கள் கொள்கை ஒன்றும் குறைந்துவிடாது.

"ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை, வேலையைத் தொடர விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) முதலாளிக்கு அனுப்புங்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதம் அதில் வேண்டாம். மறுநாளும் வழக்கமான நேரத்துக்கே கடைக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால், அன்றைக்கே அதையும் எழுதி இன்னொரு தபால் போடுங்கள்.