பள்ளியில் காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா?

நன்றாக நினைவிருக்கிறது. தழும்பும் இருக்கிறது. இடது தோளுக்குச் சற்றுக் கீழே, ஈரக் களிமண்ணில் ஒரு மிளகை அழுத்தி எடுத்தது போன்ற சிறு குழி. 1971ஆம் ஆண்டு கடலூர் முதுநகரில், நகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது போட்ட ஊசி அது.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கைக்குழந்தை வைத்திருப்பவர் என்று தோன்றுகிறது. பிறந்தவுடன் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பு) ஊசி போட்ட இடத்தில் தழும்பு விழவில்லை என்று வீட்டுப் பெரியவர் யாராவது உங்களைக் கலங்க வைத்திருக்கலாம். அப்படியென்றால் கலங்க வேண்டாம். ஊசி போட்ட குழந்தைகளில் சிலருக்குத் தழும்பே விழாமல் போவதுண்டு. அதற்காக மறுபடியும் போட வேண்டியதில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. தடுப்பூசி அட்டையில் போட்ட தேதி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மருத்துவர் அல்ல. கூட்டுறவு வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் கடந்து போக என்னால் முடியவில்லை.

அந்த ஆண்டு என் அப்பாவுக்குக் காசநோய் வந்திருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை அவருக்கு. மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீரில் இரத்தம் தெரிந்த பிறகுதான் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்குப் போனார். படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள், நோய் உறுதியானது. வாரத்துக்கு இரண்டு முறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதோடு மாத்திரைகளும் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் விடாமல் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டின் பின்தாழ்வாரத்தில் அவருக்குத் தனிப் பாய், தனியாக ஓர் அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர். அம்மா எங்களிடம், யார் கேட்டாலும் "நெஞ்சுச் சளி" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தார். எலும்புருக்கி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. ஆனால் இரவெல்லாம் கேட்கும் இருமலை மறைக்க எந்த வீட்டிலும் சுவர் கிடையாது, தெருவுக்கே தெரிந்திருந்தது. எங்கள் வகுப்பாசிரியை குடியிருந்ததும் அதே தெருவின் கடைசியில்தான்.

ஊசி போடுகிறவர்கள் ஒரு நாள் காலை இடைவேளைக்குப் பிறகு வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு நர்சம்மா. பூவரச மரத்தின் நிழல் விழும் தாழ்வாரத்தில் மேசையைப் போட்டு, எனாமல் தட்டில் ஊசிகளைப் பரப்பி, ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார்கள். மருந்துக் குப்பியைக் கறுப்புத் துணியில் சுற்றியே வைத்திருந்தார்கள். அதற்குள் ஏதோ பார்க்கக் கூடாத பொருள் இருக்கிறது என்று நாங்கள் பயந்தோம். வெயில் பட்டால் அந்த மருந்தில் இருக்கும் உயிருள்ள கிருமிகள் செத்துவிடும், அதனால்தான் துணி என்று பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டேன். கால்மெட், கெரென் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து உருவாக்கி, 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருந்து அது. பி.சி.ஜி. என்பதில் கடைசி இரண்டு எழுத்துகளும் அவர்களுடைய பெயர்கள்தான். நம் நாட்டில் அதைத் தயாரிக்க 1948இல் சென்னைக் கிண்டியிலேயே ஆய்வகம் அமைத்தார்கள்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். என் பெயர் வந்ததும் நிறுத்தினார். "அவங்கப்பாவுக்கு அந்த நோவு. நீ வேணாம், தள்ளி நில்லு" என்றார். திட்டும் குரலில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தண்ணீர்ப் பானை வைத்திருந்த மூலையில் போய் நின்றேன். என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து ஒரே பல்பத்தை உடைத்துப் பங்குபோட்டு எழுதிய பெண், ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தவள், என்னைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனாள். ஊசிக்குப் பயந்து அழுத பிள்ளைகள் அன்று எத்தனையோ பேர். ஊசி கிடைக்கவில்லை என்று அழுதது நான் ஒருத்திதான்.

ஊசி போட்டவர் நடுத்தர வயதுக்காரர். அரைக்கைச் சட்டை, காதில் செருகிய பென்சில். வகுப்பு முடிந்ததும் தம் தாளில் போட்டிருந்த கோடுகளை எண்ணினார். "பதிவேட்டுல இன்னிக்கு வந்தவங்க நாப்பத்திரண்டு. எங்கிட்ட நாப்பத்தொண்ணுதான் இருக்கு. யாரும்மா மிச்சம்?" என்று கேட்டார். ஆசிரியை அவர் அருகில் போய்த் தணிந்த குரலில் விவரம் சொன்னார். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, இந்த ஊசியே அதுக்குத்தான். இந்தப் பொண்ணுக்குத்தான் மொதல்ல போட்டிருக்கணும்" என்றார். பிறகு, முன்பெல்லாம் முதலில் சோதனை ஊசி போட்டு, மூன்றாம் நாள் வந்து தடிப்பை அளந்து, தடிப்பு வராத பிள்ளைகளுக்கு மட்டுமே தடுப்பூசி போட்டதாகவும், இப்போது அந்தச் சோதனை இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரடியாகவே போடுவதாகவும், எந்தப் பிள்ளையையும் ஒதுக்கி நிறுத்த வேண்டியதில்லை என்றும் ஆசிரியைக்குப் பொறுமையாக விளக்கினார்.

என் கையை அவர் பிடித்த விதம் இன்றும் எனக்குத் தெரிகிறது. தோலை இழுத்துப் பிடித்து, ஊசியைக் குத்தாமல், ஏறக்குறைய படுக்கவைத்தே மேல்தோலுக்குள் நுழைத்தார். வெளுத்த கொப்புளம் ஒன்று எழும்பியது. அதன்மேல் நாரத்தங்காய்த் தோலில் இருப்பது போலப் புள்ளிப் புள்ளியாகக் குழிகள். அது அடங்குவதற்குள் அவர் என்னிடம் இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று: "மூணு வாரத்துல புண்ணு வரும், சீழ் வைக்கும், தானா ஆறிடும். தேய்க்காத, எதையும் வச்சுக் கட்டாத." இரண்டாவதாக, "அப்பா ஊசிக்கு ஒழுங்காப் போறாரா?" என்று கேட்டார். உடம்பு தேறிவிட்டது என்று சொல்லி அப்பா இரண்டு வாரமாகப் போகவில்லை என்று உண்மையைச் சொன்னேன். "பாதியில விட்டா மறுபடியும் வரும், அப்ப மருந்து கேக்காது. ஊசி போட்டவரு சொன்னாருன்னு போய்ச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அடுத்த முறை ஊசி நாளில் அப்பா பேருந்து ஏறி மஞ்சக்குப்பம் போனார். அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை.

மூன்று வாரம் கழித்து, அவர் சொன்னபடியே சிவந்து தடித்து உடைந்தது. பாவாடைச் சட்டையின் கை அதில் ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது உயிர் போகும். ஆயா மஞ்சள் அரைத்து வைத்துக்கொண்டு என்னைத் துரத்தினார். வேப்பெண்ணெயையும் எடுத்து வந்தார். நான் கையைக் கொடுக்கவே இல்லை. மூன்றாம் மாதம் பொருக்கு உதிர்ந்தது. தாழ்வாரத்தில் இருந்த அப்பா, கிட்டே வராதே என்று கையால் காட்டிவிட்டு, அங்கிருந்தே "வெளிச்சத்துல திருப்பிக் காட்டு" என்பார். நான் அரிக்கேன் விளக்குப் பக்கம் தோளைத் திருப்பிக் காட்டுவேன்.

(என் வயதுக்காரர்கள் பலர் அம்மை குத்திய தழும்பையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அம்மைத் தழும்பு பெரும்பாலும் இதைவிட அகலமானது, ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும். பெரியம்மை ஒழிந்த பிறகு அந்தக் குத்து நின்றுபோனது. எனக்கு இரண்டும் உண்டு.)

இதைப் படித்துவிட்டு, செங்கல்பட்டு ஆய்வைப் பற்றித் தெரியாமல் எழுதுகிறாயா என்று யாராவது கேட்பார்கள். தெரியும். எங்கள் தென்னாற்காட்டுக்கு அடுத்த மாவட்டத்தில், 1968இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு அது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் அதன் முடிவு. அதற்கு முன்பே, 1955இல், ராஜாஜி இந்த ஊசி இயக்கத்தை எதிர்த்து எழுதினார். எங்கள் தெருவில் அதை நினைவில் வைத்திருந்து பேசிய பெரியவர்கள் இருந்தார்கள். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் குழந்தைகளின் மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்தும், உடம்பு முழுவதும் பரவும் காசநோயிலிருந்தும் இது காப்பாற்றுகிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். எனக்கு நோய் வராமல் போனதற்கு இந்த ஊசிதான் காரணம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அப்பா மருந்தை முழுதாக முடித்ததுதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன்.

அந்த ஆசிரியையைக் குற்றவாளியாக்கவும் இதை எழுதவில்லை. அவருக்கும் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தார்கள். அவருடைய பயத்தில் பொய் இல்லை. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இதன் முதல் முடிவுகள் 1959இலேயே வெளியாகி, உலகமே காசநோய்க்கு வைத்தியம் செய்யும் முறையை மாற்றின. சென்னைக்கும் கடலூருக்கும் எவ்வளவு தூரம்? பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் அப்பாவுக்குத் தனித் தட்டு வைத்திருக்க மாட்டார்கள். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் தம் பிள்ளையின் கையை எட்டி நின்று பார்த்திருக்க வேண்டியதில்லை.

1971க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளும் அந்தச் செய்தி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1986இல் வில்லியனூர்ப் பக்கமிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பூ வைக்கும் நாளும் குறித்தாகிவிட்டது. அப்பாவின் பழைய நோயை யாரோ அவர்கள் காதில் போட்டார்கள். "பரம்பரை நோவு உள்ள குடும்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காசநோய் பரம்பரையாக வருவதல்ல, காற்றில் பரவும் கிருமியால் வருவது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அன்று அப்பா சாப்பிடவில்லை. அதன் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் "குணமாயிடுச்சு இல்ல?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவரைத்தான் மணந்துகொண்டேன். அப்பா அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அவர் இறந்தது நுரையீரல் கோளாறால் அல்ல.

போன ஆண்டு என் பேத்தி பிறந்தாள். பிறந்த மறுநாள், என் மடியில் வைத்துத்தான் அவளுக்கு ஊசி போட்டார்கள். அந்த விரல் அகலக் கையில் அதே வெளுத்த கொப்புளம், அதே நாரத்தங்காய்த் தோல். குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று அட்டையைப் பார்த்தபடியே செவிலியர் கேட்டார். மருமகன் இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் அப்பாவுக்கு இருந்ததும்மா. 1971ல. முழுசா மருந்து எடுத்துக் குணமானாரு" என்றேன். செவிலியர் எழுதிக்கொண்டு, புண் வந்தால் எதையும் வைத்துக் கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.