தீம் பார்க்குகள் புது ரோலர் கோஸ்டர் திட்டத்தை ஏன் மூடி மறைக்கின்றன?

மலேசியாவின் கெந்திங் மலைப் பூங்காவில் அடுத்து என்ன ரைடு வருகிறது என்று கேட்டால் ஏன் யாரும் வாயைத் திறப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் டிக்கெட். பெரிய ரைடு வரப்போகிறது என்று இப்போதே சொன்னால், கோலாலம்பூரிலிருந்து பள்ளி விடுமுறைக்கு மலையேற இருந்த குடும்பம், "அது வரட்டும், அப்போ போகலாம்" என்று தள்ளிப்போடும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

அதைவிடப் பெரியது, திட்டம் மாறும். கெந்திங்கையே பாருங்கள். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் பெயரில் பூங்கா வருகிறது, 2016-இல் திறப்பு என்று 2013-இல் அறிவித்தார்கள். திறப்பு தள்ளிப்போய், 2018-இல் வழக்கு வரை போய், 2019-இல் சமரசமாகி, 2022 பிப்ரவரியில் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில்தான் கதவு திறந்தது. அதுவரை "எப்போ திறப்பீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்திருப்பார்கள்.

முழுசாக மறைக்கவும் முடியாது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் புது ரைடுகளுக்கு 'சீக்ரெட் வெப்பன்' என்று எண்போட்டுப் புனைபெயர் வைக்கும். 1994-இல் திறந்த நெமிசிஸ் ரோலர் கோஸ்டர் மூன்றாம் எண். ஆனால் அங்கே கட்டுமான அனுமதி விண்ணப்பத்தை யாரும் பார்க்கலாம். ரசிகர்கள் வரைபடத்தை வைத்தே உயரத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள். அதன்பின் அந்த ரகசியம் பாதி நாடகம், காசில்லாத விளம்பரம்.