அம்மா வீட்டுச் சட்டியில் சாப்பிடலாமா?

கேள்வி: கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. கீழக்கரை நண்பர் வீட்டில் கணவாய் வறுவல் சாப்பிட்டேன். ராவுத்தர் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அது கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
*— வாசகர், மதுரை*

பதில்: இருவருமே தங்கள் மத்ஹபை, அதாவது தாங்கள் பின்பற்றும் சட்ட வழியைத்தான் சொல்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் கணவாய் சாப்பிட ஆகும். ஹனஃபி மத்ஹபில் கடல் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும். ராவுத்தர்கள் ஹனஃபிகள், கீழக்கரை மரைக்காயர்கள் ஷாஃபிகள். உங்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் எந்த மத்ஹபோ அதன்படி நடந்துகொள்ளுங்கள். மற்றவர் தட்டைப் பார்த்து ஹராம் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: நான் இஸ்லாத்தைத் தழுவி எட்டு மாதம் ஆகிறது. ஊரில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருக்கிறது. பத்து நாள் வந்து உடன் இருக்கச் சொல்கிறார். பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்காத கறி வெந்த பாத்திரம், அதில் தண்ணீர்கூடக் குடிக்காதே என்கிறாள் விடுதித் தோழி. நான் என்ன செய்வது?
*— வாசகி, தென்காசி மாவட்டம்*

பதில்: போய் வாருங்கள், மகளே. அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.

அபூ ஸஅலபா என்ற நபித்தோழர் இதே சந்தேகத்தை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டிருக்கிறார். வேதக்காரர்கள் (யூதர், கிறிஸ்தவர்) நடுவே வாழ்கிறோம், அவர்கள் பாத்திரத்தில் உண்ணலாமா என்றார். வேறு பாத்திரம் இருந்தால் அதில் உண்ணுங்கள், இல்லையென்றால் கழுவிவிட்டு அதிலேயே உண்ணுங்கள் என்றார்கள் நபியவர்கள். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது.

அந்த வீட்டில் நீங்கள் ஒதுக்க வேண்டியவை: பன்றி, முறைப்படி அறுக்காத ஆடு, கோழி, நம் ஊரில் விரும்பிச் சமைக்கும் ஆட்டு ரத்தப் பொரியல், மது, சாமிக்குப் படைத்தது. சோறு, சாம்பார், முட்டை, மீன் குழம்பு, தோசை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். மீனை அறுக்கும் முறை என்று ஒன்றும் இல்லை. தொழுவதற்குப் படம் இல்லாத மூலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கலிமா சொன்னது 1991இல். முதன்முதலாக ஊருக்குப் போனபோது பையில் ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்துப் போனேன். அம்மா அவற்றைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, சாம்பல் போட்டு அந்தத் தட்டை வெகுநேரம் தேய்த்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டு அது. பிறகு அதிலேயே சோறு போட்டுக் கொடுத்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த முறை போனபோது அடுப்படியில் புது மண்சட்டி ஒன்று தனியாக இருந்தது. மூடியில் சுண்ணாம்பால் ஒரு பிறை. சந்தைக்கு நடந்துபோய் பாய் கடையில் கோழி வாங்கி வைத்திருந்தார்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்களைத் தேடி, இஸ்லாத்தை ஏற்காத தாயார் மதீனா வந்தார். உறவு கொண்டாடலாமா என்று மகள் கேட்டபோது, ஆம், உன் தாயுடன் சேர்ந்திரு என்றார்கள் நபியவர்கள். இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் கீழ்ப்படிய வேண்டாம், ஆனால் உலக வாழ்வில் அவர்களுடன் நல்லபடி நடந்துகொள் என்கிறது குர்ஆன் (31:15). வற்புறுத்தும் பெற்றோருக்கே இப்படியென்றால், துணைக்கு வா என்று மட்டும் கேட்கும் தாய்க்கு என்ன குறை?

அறுவை முடிந்த கண்ணுக்குச் சொட்டு மருந்து வேளை தவறக் கூடாது. பஸ் டிக்கெட்டை இன்றே எடுத்துவிடுங்கள்.