ஹார்லெமிலிருந்து புறப்பட்ட டோரத்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

‘விக்கெட்’ (Wicked) படம் பார்த்ததிலிருந்து என் மகளுக்கு ஓஸ் நாட்டின் மேல் ஒரே பித்து. ஒன்பது வயது. நான் பள்ளி நாட்களில் பார்த்து மறக்க முடியாமல் இருந்த 1939ஆம் வருடத்து ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். சூறைக்காற்றில் ஓஸ் என்ற மாய நாட்டில் போய் விழும் டோரத்தி, வீடு திரும்ப வழி கேட்டு மூன்று துணைகளோடு மஞ்சள் பாதை வழியே மரகத நகரத்து மந்திரவாதியைத் தேடிப் போவாளே, அந்தக் கதை. இருவரும் எழுந்து ஆடாத குறைதான். அந்த உற்சாகத்திலேயே 1978இல் வந்த ‘தி விஸ்’ படத்துக்கும் உட்கார்ந்தோம். அதே கதை, எல்லாரும் கறுப்பின நடிகர்கள், டயானா ராஸ், மைக்கேல் ஜாக்சன் என்றெல்லாம் படித்ததால் நிறைய எதிர்பார்ப்பு.

ஏமாற்றமாகிவிட்டது. சிறுமியாக இருக்க வேண்டிய டோரத்தி இதில் 24 வயது ஆசிரியை. பாதிப் படத்துக்கு மேல் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாள். ஓஸ் என்று காட்டுவதெல்லாம் குப்பையும் பாழடைந்த கட்டடங்களும். சுரங்க ரயில் நிலையத்தில் தூண்கள் துரத்தும் காட்சியில் மகள் பயந்து எழுந்து போய்விட்டாள். நான் மட்டும் கடைசி வரை பார்த்தேன்.

ஒரு நல்ல குழந்தைக் கதையை எடுத்து இப்படி ஆக்க வேண்டிய அவசியம் என்ன? காலம் கடந்து நிற்கும் ஒன்றை அப்படியே விட்டுவைப்பதுதானே மரியாதை? நீங்கள் இசைப்படங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

ஒன்பது வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை அது. அதில் உங்களோடு எனக்கு வாதமே கிடையாது. ஆனால் ‘அப்படியே விட்டுவைப்பது’ என்கிறீர்களே, எதை அப்படியே விடுவது?

எல். ஃபிராங்க் பாம் எழுதிய புத்தகம் 1900இல் வந்தது. அதில் ஓஸ் கனவு இல்லை. டோரத்தி உண்மையாகவே போகிறாள், உண்மையாகவே திரும்பி வருகிறாள். அவள் வந்து இறங்கும்போது அங்கே நிற்பது ஹென்றி மாமா புதிதாகக் கட்டிய வீடு. பழைய வீட்டைத்தான் சூறைக்காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டதே! 1939ஆம் வருடத்துப் படம் இதையெல்லாம் அவள் தலையில் அடிபட்டுக் கண்ட கனவாக மாற்றியது. புத்தகத்தில் வெள்ளியாக இருந்த செருப்பு, வண்ணப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சிவப்புக் கல் செருப்பானது. நீங்களும் நானும் மூலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் படமே ஒரு மறு ஆக்கம்தான். அதுவும் கதையின் முதுகெலும்பிலேயே கை வைத்த மறு ஆக்கம். அதற்காக நான் அந்தப் படத்தைக் குறைவாக நேசிக்கவில்லை. ஆனால் ‘தி விஸ்’ மட்டும் எதையோ கலைத்துவிட்டது என்று சொல்வது நியாயமாகப் படவில்லை.

சில இடங்களில் ‘தி விஸ்’ புத்தகத்துக்குத்தான் அதிகப் பக்கத்தில் நிற்கிறது. செருப்பு இதில் மறுபடியும் வெள்ளி. அதைவிட முக்கியம் மரகத நகரம். பாமின் கதையில் அந்த நகருக்குள் நுழையும் எல்லாருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுவார்கள். நகரம் அவ்வளவு பச்சையாகத் தெரிவதற்கு அந்தக் கண்ணாடிதான் காரணம். 1939 படத்தில் கண்ணாடி இல்லை, நகரமே பச்சை. ‘தி விஸ்’ படத்திலும் கண்ணாடி இல்லைதான். ஆனால் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே இருந்த திறந்தவெளியில், நூற்றுக்கணக்கானவர்கள் பச்சை உடையில் மிடுக்காக நடந்துகொண்டிருக்கிறார்கள். மேலேயிருந்து மந்திரவாதியின் குரல் வருகிறது: பச்சை போதும், இனி சிவப்பு. வெளிச்சம் மாறுகிறது, கூட்டம் முழுவதும் சிவப்பில். சற்று முன்பு வரை பச்சையைக் கொண்டாடியவர்கள் சிவப்பைத் தவிர வேறு நிறமே உலகத்தில் இல்லாததுபோல் ஆடுகிறார்கள். அப்புறம் தங்கம். மேலிருப்பவன் சொன்னால் கண் எதை வேண்டுமானாலும் அழகு என்று பார்க்கும் என்பதைத்தான் பாம் கண்ணாடியாக எழுதினார். அதை எழுபத்தெட்டு வருடம் கழித்து நியூயார்க்கின் ஆடை மோகமாக மாற்றிய மூளையை நான் எப்படிக் குறை சொல்வது?

இந்தப் படத்தில் ஓஸ் என்பதே நியூயார்க் நகரம்தான். அது ஏன் அவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று கேட்கிறீர்கள். 1977இன் கடைசி மாதங்களில் எடுத்த படம். 1975இல் அந்த நகராட்சி திவாலின் விளிம்பு வரை போயிருந்தது. 1977 ஜூலையில் ஊரே இருண்ட மின்தடை, அந்த ஒரே இரவில் எத்தனையோ கடைகள் சூறை. இயக்குநர் சிட்னி லூமெட் இந்த நகரத்திலேயே வளர்ந்து, இதன் தெருக்களிலேயே படம் எடுத்துப் பெயர் வாங்கியவர். மரகதமும் மலர்த்தோட்டமும் போட்டு அந்த ஊரை அவர் மூடிவைத்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

டோரத்தி ஓஸில் வந்து விழும் முதல் இடத்தைக் கவனித்தீர்களா? 1964ஆம் வருட உலகக் கண்காட்சிக்காகக் குவீன்ஸ் பகுதியில் கட்டி, பிறகு கவனிப்பார் இல்லாமல் கிடந்த நியூயார்க் மாநில அரங்கம் அது. அதன் சுவர்களில் குழந்தைகள் சித்திரங்களாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் கிறுக்கினார்கள் என்பதற்காக ஒரு சூனியக்காரி அவர்களையே கிறுக்கலாக்கிவிட்டாள். டோரத்தி மேலேயிருந்து விழுந்த வேகத்தில் பெயர்ப்பலகை உடைந்து அந்தச் சூனியக்காரியின் மேல் விழுகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு இறங்குகிறார்கள். ரயில் பெட்டியெல்லாம் கிறுக்கல் என்று அந்த ஊர் அலுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்தக் கிறுக்கலுக்குள் பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தேவதைக் கதை சொல்கிறது. ஓஸில் டோரத்தி முதலில் சந்திக்கும் குட்டி மனிதர்களுக்கு மஞ்ச்கின்கள் என்று பெயர். இதைவிடப் பொருத்தமான மஞ்ச்கின்களை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

சோளக்கொல்லை பொம்மை வரும் காட்சியையும் சொல்ல வேண்டும். மைக்கேல் ஜாக்சனுக்கு அதுதான் முதல் படம். இடிபாடுகளுக்கு நடுவே கம்பத்தில் தொங்குகிறார். மூக்கு ஒரு மிட்டாய் உறை. உடம்புக்குள் அடைத்திருப்பது வைக்கோலுக்குப் பதில் குப்பைக் காகிதம். காகங்களை விரட்ட வேண்டியவனைக் காகங்கள் சூழ்ந்துகொண்டு, தாங்கள் வகுத்த கட்டளைகளை ஒப்பிக்க வைக்கின்றன. கீழே இறக்கிவிடுங்கள் என்று கேட்டால் சிரிக்கின்றன. உன்னால் ஜெயிக்க முடியாது என்பதை அவனையே பாட வைக்கின்றன. அவனோ தன் உடம்புக்குள்ளிருந்து ஒவ்வொரு துண்டுக் காகிதமாக உருவி, அறிஞர்கள் சொன்னதைப் படித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறான். மூளை வேண்டும் என்று ஏங்குகிறவன் உடம்பு முழுக்கப் படிப்பு! உனக்கு அறிவு இல்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட ஒரு சமூகம் இந்தக் காட்சியைப் பார்க்கும்போது என்ன நினைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவசியம் என்ன என்று கேட்டீர்களே, இதுதான் அவசியம். 1939இல் அந்த மஞ்சள் பாதையில் நடந்த நாலு பேரும் வெள்ளையர்கள். அந்தப் படத்தை எடுத்த அதே எம்.ஜி.எம். நிறுவனம் 1942இல் லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகியை ஒப்பந்தம் செய்தது. அவருடைய பாடல்களைக் கதையோடு ஒட்டாமல் தனித்தனியாக எடுத்தார்கள், தென்மாநிலத் திரையரங்குகள் வேண்டாமென்றால் வெட்டிக்கொள்ள வசதியாக. ‘தி விஸ்’ படத்தின் முடிவில் நட்சத்திரங்களுக்கு நடுவே நின்று பாடும் நல்ல சூனியக்காரி அதே லீனா ஹார்ன்தான். இந்த முறை அவரை வெட்டிவிட்டால் கதை முடியாது.

இனி நீங்கள் சொன்ன குறைகளுக்கு வருகிறேன். இந்தப் படம் ஒரு மேடை நாடகத்திலிருந்து வந்தது. டோரத்தியின் வயது அதில் இப்படி இருக்கவில்லை. 1975 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் அரங்கேறிய அந்த நாடகத்தில் டோரத்தியாக நடித்த ஸ்டெஃபனி மில்ஸ் பதின்வயதுப் பெண். சார்லி ஸ்மால்ஸ் பாடல்கள், டிரினிடாட்டில் பிறந்த ஜெஃப்ரி ஹோல்டர் இயக்கமும் உடை வடிவமைப்பும். அமெரிக்க நாடகத்துக்கான டோனி விருதுகள் 7, காட்சிகள் 1,672. படமாக்கும்போது 33 வயது டயானா ராஸ் டோரத்தி வேடத்தைக் கேட்டு வாங்கினார். முதலில் இயக்க இருந்த ஜான் பாடம் இது சரிவராது என்று விலகிக்கொண்டார். அவருக்குப் பிறகுதான் லூமெட் வந்தார்.

நட்சத்திரத்துக்காகக் கதையை வளைத்தார்கள் என்று இதை ஒதுக்கிவிடலாம். நானும் அப்படித்தான் தொடங்குவேன். ஆனால் ஜோயல் ஷூமாக்கரின் திரைக்கதை அந்த வளைவிலிருந்து ஒரு நல்ல விஷயத்தைப் பிடித்திருக்கிறது. இந்த டோரத்தி நியூயார்க்கின் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமில் இருக்கிறாள், 125ஆம் தெருவுக்குத் தெற்கே போனதே இல்லை. குழந்தைகள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். பெரிய பள்ளிக்கு வேலை மாற்றிக்கொண்டு தனி வீடு பார்த்துப் போ என்று ‘எம்’ என்ற அவளுடைய அத்தையே தள்ளுகிறார். அவளுக்குப் பயம். அழுகை அங்கிருந்துதான் வருகிறது. மற்ற டோரத்திகளுக்கு வீடு என்பது போய்ச் சேர வேண்டிய இடம். இவளுக்கு அது ஒளிந்துகொண்டிருக்கும் இடம். அதனால்தான் மந்திரவாதியோடு அவள் பேசும் கடைசிக் காட்சி வேறு எந்த வடிவத்திலும் இல்லாத ஒன்றாக இருக்கிறது. ரிச்சர்ட் பிரையர் நடித்த அந்த மந்திரவாதி, தேர்தலில் தோற்றுப் பெரிய உலோகத் தலைக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும் ஆள். எனக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று அவளிடம் கேட்கிறான். இந்த அறைக்குள்ளேயே இருந்தால் எதுவும் கிடைக்காது, நானும் அப்படித்தான் இருந்து பார்த்தேன் என்கிறாள். பன்னிரண்டு வயதுப் பெண் அந்த வசனத்தைச் சொல்ல முடியாது.

இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு, முடிவில் அவளை அதே வாசல் வழியாக அதே வீட்டுக்குள் ஓட விடுகிறார்கள். படம் முடிந்துவிடுகிறது. அந்த வேலைக்குப் போனாளா? 125ஆம் தெருவைத் தாண்டினாளா? ஒரு காட்சி போதும், அதைக்கூட வைக்கவில்லை. வயதை மாற்றியவர்கள் முடிவை மாற்றத் துணியவில்லை. என் வருத்தம் இதுதான், கே. கதையை மாற்றினார்கள் என்பதில் எனக்குக் குறையே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு வருத்தம் கேமரா. லூயிஸ் ஜான்சன் அத்தனை ஆட்டக்காரர்களை வைத்து அமைத்த நடனங்களை லூமெட் எட்டத்தில் நின்றே எடுக்கிறார். பாலமும் கோபுரமும் முழுசாகத் தெரிகின்றன, ஆடுகிற கால் தெரிவதில்லை. நால்வரும் பாதையில் ஆடிக்கொண்டு போகும்போது பல தடவை அவர்களுடைய முதுகைத்தான் பார்க்கிறோம். இசைப்படத்தில் இது பெரிய பாவம். உங்கள் மகள் நெளிந்ததில் சுரங்க ரயில் பயத்துக்குப் பாதிப் பங்கு என்றால், இந்தத் தூரத்துக்கு மீதிப் பங்கு என்று நினைக்கிறேன்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தீய சூனியக்காரி ஈவிலின் ஒரு தையல் பட்டறை முதலாளி. நாடகத்திலும் அதே வேடத்தைச் செய்த மேபல் கிங். பட்டறையில் தீயணைப்பு நீர் பீய்ச்சியடித்து அவள் ஒழிந்ததும், அடிமை வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தங்கள் மேல் தொங்கும் கனத்த அருவருப்பான தோலைத் திறந்து வெளியே வருகிறார்கள். உள்ளே இருப்பது இளமையான, அழகான உடம்புகள். பாட்டை எழுதியது, அப்போது பெரிதாகப் பெயர் தெரியாத லூதர் வாண்ட்ராஸ். அந்தச் சில நிமிடங்களுக்குக் கேமரா உள்ளே வந்துவிடுகிறது. வேலை ஒரு மனிதனின் மேல் ஏற்றிவைக்கும் உருவத்தைக் கழற்றிப் போடுவதை நடனமாகக் காட்ட இதைவிட வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம். போட்ட பணம் திரும்பவில்லை. இந்தப் படத்தின் இசையைக் கவனித்த குவின்சி ஜோன்ஸும் மைக்கேல் ஜாக்சனும் பழகியதில்தான் 1979இல் ‘ஆஃப் தி வால்’ இசைத்தொகுப்பு வந்தது, பிறகு ‘திரில்லர்’. அது தனிக் கதை.

உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாமின் புத்தகத்தை முதலில் வாசித்துக் காட்டுங்கள். பச்சைக் கண்ணாடி வரும் அத்தியாயத்தில் நிறுத்தி, நகரம் உண்மையில் என்ன நிறமாக இருக்கும் என்று அவளையே கேளுங்கள். பிறகு 1975 நாடகத்தின் பாடல் தொகுப்பைப் போட்டுவிடுங்கள். படத்தைவிட அதில் பாட்டு துள்ளலாக இருக்கும், பயமுறுத்தும் தூண்களும் இல்லை. தையல் பட்டறைக் காட்சியைத் தனியாக எடுத்துக் காட்டுங்கள், அது பிடித்துவிடும். முழுப் படத்துக்கு இன்னும் நாலைந்து வருடம் பொறுக்கலாம்.